கல்லிடுக்குச் செடி: விடவா, பிடுங்கவா, சமைக்கவா?

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் குடியிருக்கிறீர்கள். நடைபாதையிலும் வாசல் தளத்திலும் கல்லிடுக்கில் நாலு வகைச் செடி முளைத்திருக்கிறது. நீளக் காம்பில் ஒற்றைப் பூ நிற்கும் ஒன்று, சிவந்த தண்டோடு தரையில் வட்டமாகப் படர்ந்த ஒன்று, ஊதாப் பூ பூக்கும் ஒன்று, மாடியிலிருந்து இறங்கும் குழாயோரம் சுவரில் அரசிலை விட்ட ஒன்று. இரண்டாவதை அம்மா பருப்புக்கீரை என்கிறார், பறித்துச் சமைக்கலாமா, இவையெல்லாம் வாசல் கல்லைப் பெயர்த்துவிடுமா, தெருவோர மருந்துச் செடிகளை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் கேட்பதுபோல் இருந்தாலும், எதை விடலாம், எதைப் பிடுங்கியாக வேண்டும், எதை வாயில் வைக்கலாம் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விடை. முதல் மூன்றையும் விட்டுவிடலாம். நாலாவதை அடுத்த மழைக்குப் பிறகு தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். நடைபாதையிலிருந்து எதையும் பறித்துச் சமைக்காதீர்கள். காரணங்களைச் சொல்லத்தான் கொஞ்சம் இடம் வேண்டும்.

செடியைப் பார்க்கும் முன் அது நிற்கும் இடுக்கைப் பாருங்கள். வெளியே தெரிவது விரல் நகம் அளவு மண். ஆனால் கல்லுக்கு அடியில் முழுப் பரப்புக்கும் மணல் படுக்கை இருக்கிறது, வேர் அங்கேதான் போகிறது. ஓரடிக்கு ஓரடி கல்லின் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 900 மில்லி தண்ணீர் விழும். கல் அதைக் குடிக்காது. வாட்டத்தில் ஓடியது போக மிச்சம் இடுக்கில்தான் இறங்கும். இறங்கிய ஈரம் மேலே வெயில் படாததால் சீக்கிரம் காயாது. பக்கத்து வயல் வறண்டு கிடக்கும்போது கல்லிடுக்கு பச்சையாக இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. போட்டிக்கு வேறு செடியும் கிடையாது, ஆடு மாடு மேய்வதும் குறைவு. இன்னொன்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: தினமும் காலையில் நீங்கள் வாசல் தெளிக்கிறீர்கள். அது அந்த இடுக்குக்குச் சொட்டுநீர்ப் பாசனம். அரிசிமாவுக் கோலத்துக்கு வரும் எறும்பு தோண்டிப் போடும் மண்ணும், காற்றில் வரும் தூசியும், உதிர்ந்த வேப்பம்பூவும் மட்கி மேல்மண்ணாகிவிடும். சிமெண்டுப் பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பு அந்த மண்ணைக் காரத்தன்மை உள்ளதாக்கும். அதைத் தாங்காதவை முளைத்த கையோடு வெளுத்துப் போகும்.

அடுத்தது சூடு. சித்திரை வெயிலில் மாசி வீதிக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பெரும்பாலான செடிகள் இலைத்துளையை மூடிக்கொண்டு உணவு தயாரிப்பதை நிறுத்திவிடும். கரும்பும் சோளமும் வேறு வழி வைத்திருக்கின்றன. கரியமில வாயுவை முதலில் பிடித்துச் செறிவாக்கி, பிறகு பயன்படுத்தும் முறை அது. இதனால் இலைத்துளையைச் சிறிதளவே திறந்து, குறைந்த நீரில், கடும் வெயிலிலும் வேலை நடக்கும். உங்கள் தெருவில் முளைப்பவற்றை எண்ணிப் பாருங்கள்: பருப்புக்கீரை, சாரணை, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி, நெருஞ்சி, குப்பைக்கீரை, நல்வேளை, அறுகு, காக்காய்க்கால் புல். இத்தனையும் அந்த முறைக்காரர்கள். பருப்புக்கீரை ஒரு படி மேலே போய், தண்ணீர் தட்டுப்படும்போது கள்ளிபோல இரவில் வாயுவைச் சேமிக்கவும் செய்யும். நகரச் சூடு செடியின் தோற்றத்தையே மாற்றுவதும் உண்டு. கல்லிடுக்கில் வளரும் புளியாரையில் பச்சை இலை வகையும் செந்நிற இலை வகையும் இருக்கின்றன. ஜப்பானில் டோக்கியோ பகுதியை வைத்து 2023-ல் வெளியான ஆய்வு, சூடான நகரப் பகுதிகளில் செந்நிற வகையே மிகுதி என்றும், அதிக வெப்பத்தில் அது பச்சை வகையை விட நன்றாக வளர்கிறது என்றும் காட்டியது. நம்மூரில் புளியாரையைத் தேட வேண்டுமானால் பூந்தொட்டி அடியிலும் ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்திலும் பாருங்கள், வெயிலில் கிடக்கும் கல்லில் அது நிற்காது.

மூன்றாவது காலடி. மிதிபடும் நடுவழியில் நிமிர்ந்த செடி எதுவும் பிழைக்காது. அங்கே தரையோடு ஒட்டிய சித்திரப்பாலாடை, அறுகு, காக்காய்க்கால் புல் மட்டும். சுவரை ஒட்டிய ஒரு சாண் அகலத்தில் யாரும் மிதிப்பதில்லை. குப்பைமேனி, கீழாநெல்லி, நாயுருவி, மூக்கிரட்டை எல்லாம் அந்தச் சாண் அகலத்துக் குடித்தனம். சாக்கடை மூடியின் ஓரத்தில் கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, தானாக முளைத்த தக்காளி, பப்பாளி இருந்தால் அடியில் எப்போதும் ஈரம் இருக்கிறது என்று பொருள். மழையில்லாத மாதத்தில் உலர்ந்த சுவரோரம் திடீரென்று கரிசலாங்கண்ணி தழைத்தால் பூவைப் பார்த்து மகிழ்வதை விட்டுக் குழாயைச் சோதியுங்கள், எங்கோ கசிவு இருக்கலாம்.

இனி உங்கள் செடிகள். முதலாவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு சாண் நீளக் காம்பு, உச்சியில் ஒரே பூ, நடுவில் மஞ்சள், சுற்றி ஐந்தாறு வெளிர் இதழ், ஒவ்வொரு இதழின் நுனியிலும் பல்போல வெட்டு, எதிரெதிராகச் சொரசொரப்பான இலை. இது வெட்டுக்காயப்பூண்டு, கிணற்றடிப்பூண்டு, பிள்ளைகள் சொல்லும் தாத்தாப்பூ. நடு அமெரிக்காவிலிருந்து வந்து, இன்று நம்மூர்ச் செடி என்று எல்லாரும் நினைக்கும் அளவுக்குப் பரவிவிட்டது. ஒவ்வொரு விதைக்கும் மயிர்க்குடை உண்டு, காற்று தூக்கிப் போகும், இடுக்கில் சிக்கியதும் முளைக்கும். ஆண்டு முழுக்கப் பூப்பதால் வேறு பூ இல்லாத கோடையிலும் வண்ணத்துப்பூச்சிக்கும் சிறு தேனீக்கும் தேன் கிடைக்கும். கல்லுக்கு இதனால் கேடு இல்லை. சாற்றை வெட்டுக்காயத்தில் பிழிவது பழைய வழக்கம், விலங்குகளில் செய்த ஆய்வுகள் அதற்கு ஓரளவு துணை நிற்கின்றன. ஆனால் தெருச்செடியைக் கசக்கிக் காயத்தில் வைத்தால் சாற்றோடு தெருமண்ணும் உள்ளே போகும், மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசி போட்டுக்கொள்வதே சரி.

இரண்டாவதில்தான் நிதானம் தேவை. சிவந்த தண்டு, தரையோடு வட்டமாகப் படர்தல் என்ற இரண்டு அடையாளம் மட்டும் வைத்துக்கொண்டு பருப்புக்கீரை என்று முடிவு கட்ட முடியாது. அதே அடையாளம் குறைந்தது நாலு செடிக்குப் பொருந்தும். முதல் சோதனை எளிது: தண்டை ஒடியுங்கள். வெள்ளைப்பால் வந்தால் அது அம்மான் பச்சரிசிக் குடும்பம், கீரை இல்லை. அதிலும் நிமிர்ந்தோ சாய்ந்தோ வளர்ந்து, ரோமம் நிறைந்த தண்டும், இலைக்கணுவில் பச்சரிசிக் குருணைபோலத் திரண்ட பூக்கொத்தும் இருந்தால் அம்மான் பச்சரிசி. கல்லோடு ஒட்டிக் கோலப்புள்ளிபோல் சிறு இலைகளோடு படர்ந்தால் சித்திரப்பாலாடையோ அதன் நெருங்கிய உறவோ. அவற்றைப் பிரித்தறிய காயின் மேலுள்ள ரோமத்தை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும், கைபேசிப் படத்தில் அது தெரியாது. இந்தப் பால் தோலில் எரிச்சல் தரலாம், கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். மருவுக்குப் பாலைத் தடவுபவர்கள் அதே கையால் கண்ணைத் தேய்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து.

பால் வராமல் தெளிந்த நீர் கசிந்தால் மூன்று செடிகளில் ஒன்று. இலை ஆப்பு வடிவில், தடித்து, வழவழப்பாக, காம்பில்லாமல், கிளை நுனியில் கொத்தாக அடுக்கி, நடுவில் ஐந்திதழ் மஞ்சள் பூ காலை வெயிலில் சில மணி நேரம் மட்டும் விரிந்தால் அதுவே பருப்புக்கீரை. காய் முற்றியதும் மேல்பாதி மூடிபோலக் கழன்று உள்ளே கறுத்த பொடி விதை தெரியும். பூ நாலு இதழாக, கணுவெல்லாம் வெள்ளை ரோமமாக, இலை மிகச் சிறியதாக இருந்தால் அது சிறுபசலை. ரோமமில்லாமல் இலை வட்டமாக, எதிரெதிர் இரண்டில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்து, பூ இலைக்காம்பின் அடியில் பை போன்ற உறைக்குள் ஒளிந்திருந்தால் சாரணை. மூக்கிரட்டையிலும் பெரிதும் சிறிதுமாக ஜோடி இலைதான், அதனால்தான் கீரைக்கட்டில் இரண்டும் கலந்து வருகின்றன. ஆனால் மூக்கிரட்டையின் பூ ஒளியாது: மெல்லிய காம்புகளில் மேலே தூக்கி நிற்கும், கடுகளவு, கருஞ்சிவப்பு. இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், காயைத் தொட்டால் விரலில் ஒட்டும். அந்த ஒட்டல்தான் அது தெருத்தெருவாகப் பயணம் போகும் வழி. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வேட்டிக்கரையும் புடவைக்கரையும் எத்தனை மூக்கிரட்டை விதையையும் நாயுருவி விதையையும் சுமந்து போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அம்மா சொன்னது சரியாகவே இருக்கலாம். பால் இல்லை, மஞ்சள் பூ, மூடிக்காய் மூன்றும் ஒத்துவந்தால் உறுதி. அப்படியும் நடைபாதைச் செடியைச் சமைக்க வேண்டாம் என்கிறேன், காரணம் செடியில் இல்லை, இடத்தில் இருக்கிறது. வண்டிகளின் பிரேக்கும் டயரும் தேய்ந்து விழும் துகளில் செம்பு, துத்தநாகம் போன்ற உலோகங்கள் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டது, ஆனால் ஈயம் மட்காது, பழைய சாலையோர மண்ணில் தங்கியிருக்கும். பழைய பெயிண்டு உதிர்வதிலும் அது வரும். தூசியாக ஒட்டியிருப்பதைக் கழுவினால் பெருமளவு போகும். வேர் வழியாக ஏறியதைக் கழுவ முடியாது, வேகவைத்தாலும் போகாது. காட்மியம் அப்படி இலைக்கு எளிதாக ஏறும் உலோகம், கீரை வகைகள் அதை மற்றக் காய்களை விட அதிகம் சேர்க்கும். இதோடு நாய் மூத்திரம், சாக்கடை வழிந்த நீர், துப்புரவுக்குத் தூவும் பிளீச்சிங் பவுடர், யாரோ அடித்த களைக்கொல்லி. ஒருமுறை சாப்பிட்டால் விழுந்துவிடுவீர்கள் என்று சொல்லவில்லை. வாரம் இரண்டு முறை பருப்போடு கடைந்து குழந்தைக்கு ஊட்டுவது வேறு விஷயம். சுத்தமான இடத்தில் விளைந்தாலும் பருப்புக்கீரையிலும் சாரணையிலும் ஆக்சலேட் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது. சாரணையைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

ஆசையை விட வேண்டியதில்லை, விதையை எடுங்கள். முற்றிய காய்க்கிளை ஒன்றை வெட்டித் தாளில் கவிழ்த்துத் தட்டினால் நூற்றுக்கணக்கில் விழும், ஒரு செடியே பல்லாயிரம் விதை கொடுக்கும். 12 அங்குலத் தொட்டியில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, மண்ணை நனைத்து, ஒரு சிட்டிகை விதையை மணலோடு கலந்து மேலே தூவுங்கள். மூடாதீர்கள். பருப்புக்கீரை விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், ஒரு விரற்கடை ஆழம் புதைத்தால் அங்கேயே உறங்கும். முளைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். தண்ணீரைக் கையால் தெளியுங்கள், குடத்தால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துப் போகும். வெயில் நன்றாக விழும் இடம் வேண்டும், 4 முதல் 6 வாரத்தில் நுனி கிள்ளலாம். தண்டை நட்டாலும் வேர் விடும்தான், ஆனால் தெருச்செடித் தண்டு தன்னிடம் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு வரும், ஆகவே விதையே மேல்.

மருந்துச் செடிகளையும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் காய் தொங்கும் கீழாநெல்லி உங்கள் தெருவிலும் இருக்கும். மஞ்சள்காமாலைக்கு அதைக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு வந்தது: ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட பலருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது. பின்னால் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே வழக்கம் உண்மை, பலன் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. காமாலை வந்தால் ரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. குப்பைமேனியில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் அதை உட்கொண்டு சிவப்பணு உடைந்து மருத்துவமனை வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. குறைபாடு இருப்பது பலருக்கும் தெரியாது. வெளிப்பூச்சாகப் போடுவதும் கீரையாகச் சமைத்துச் சாப்பிடுவதும் ஒன்றல்ல. (பூனைக்கு மட்டும் அதன் வேர்மேல் தனி மோகம், பூனைவணங்கி என்று அதற்கு இன்னொரு பெயரே உண்டு. பிடுங்கிப் போட்ட குப்பைமேனியைச் சுற்றிப் பூனை உருள்வதைக் கண்டு பயப்பட வேண்டாம்.)

மூன்றாவது, ஊதாப் பூ. அளவு சொல்லவில்லையே. ஊதாவில் நம் தெருக்களில் இரண்டு பேர். பூ பெரிதாகப் புனல்போல விரிந்து, காலையில் பூத்து மாலைக்குள் உதிர்ந்தால் அது பட்டாசுக்காய்ச் செடி. பழுப்பு நிறத்தில் ஓரங்குல நீளக் காய், தண்ணீர் பட்டதும் படக்கென்று வெடித்து விதையை எறியும். நனைந்த விதை வழவழவென்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். மழை வந்ததும் வெடிக்கும்படி வைத்திருப்பதன் சாமர்த்தியம், விதை விழும் நேரத்தில் ஈரம் உறுதி. அடியில் கிழங்கு வேர் இருப்பதால் மேலே வெட்டினால் திரும்ப வரும். பூ குண்டூசித் தலையை விடச் சற்றே பெரிதாக, கிளை நுனியில் சிறு தூரிகைகள்போல் நின்று, முற்றியதும் வெள்ளைப் பஞ்சாக மாறினால் அது நெய்ச்சட்டிக்கீரை, சித்த மருத்துவக்காரர்கள் சொல்லும் சீதேவியார் செங்கழுநீர். ஆளில்லாத மனையில் முழங்கால் உயரம் போகும், கல்லிடுக்கில் ஒரு சாணிலேயே பூத்துவிடும். எதுவானாலும் இரண்டும் கெடுதல் இல்லாதவை.

ஆள் கைவிட்ட பூக்களும் உண்டு. பூக்கடை வாசலிலும் கோயில் மதிலோரத்திலும் உதிர்ந்த மாலையிலிருந்து செண்டுப்பூவும் கோழிக்கொண்டையும் முளைக்கும். மல்லிக்குப் பேர்போன ஊர், ஆனால் கல்லிடுக்கில் மல்லி முளைத்துப் பார்க்க முடியாது: குண்டுமல்லி விதை கட்டுவது அரிது, தோட்டத்தில் பதியனும் தண்டும் வைத்தே பெருக்குகிறார்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நித்தியகல்யாணி மாடி விளிம்பில்கூட நிற்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. ரத்தப் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் அதிலிருந்து எடுக்கப்படுகிறது, அந்தக் காரணத்துக்காகவே வீட்டில் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. மருந்தின் அளவுக்கும் நஞ்சின் அளவுக்கும் இடைவெளி குறைவு. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரையோடும் வேப்பிலையோடும் காசு கொடுத்து வாங்கும் பூளைப்பூ ரயில்வே லயன் ஓரத்திலும் காலி மனையிலும் இலவசமாக நிற்கிறது, மார்கழியில் கண்ணைத் திறந்து நடந்தால் போதும். அரசங்கன்று தவிரப் பிடுங்க வேண்டியவை இரண்டு. ஊமத்தை, குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம், விதை கடும் நஞ்சு. பார்த்தீனியம், காரட் இலைபோல வெட்டுப்பட்ட இலை, வெள்ளைப் பொட்டுப் பூ. தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரக்கூடியது. 1950-களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டது, அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகச் சொல்லப்படுகிறது. பூப்பதற்கு முன், கையுறை போட்டு, வேரோடு எடுங்கள்.

கல்லைப் பெயர்க்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். சிறு செடிகள் இருக்கும் இடுக்கைப் பயன்படுத்துகின்றன, இடுக்கை உண்டாக்குவதில்லை. நடைபாதைக் கல் ஏறி இறங்கிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அடிமணல் தண்ணீரில் அரித்துப் போனதுதான். செடி பின்னால் வந்து பழியைச் சுமக்கிறது. வாசலில் வேண்டாம் என்றால் மழை விட்ட மறுநாள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஈர மணலில் வேர் முழுதாக வரும், காய்ந்த மண்ணில் கழுத்தோடு ஒடியும். களைக்கொத்து நுழையாத இடுக்கில் பழைய தட்டை முனைத் திருப்புளியை வேரை ஒட்டிச் செங்குத்தாக இறக்கி, மெல்ல நெம்பி, செடியின் அடியைப் பிடித்து இழுங்கள். மூக்கிரட்டை ஆழமாக வேர் விடும், மேலே ஒடிந்தால் மிச்ச வேரிலிருந்து தழைக்கும். அறுகின் கணுவும் கோரையின் கிழங்கும் ஒன்று தங்கினாலும் திரும்ப வரும். இவற்றைக் கொதிக்கும் தண்ணீரால் வதைக்கலாம்: ஒரு இடுக்குக்குக் கால் லிட்டர், பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. எறும்பும் மண்புழுவும் சேர்ந்து சாகும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். உப்புப் போடாதீர்கள், அது கழுவிக்கொண்டு போய் வேப்பமரத்து வேரையும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் கெடுக்கும். மண்ணெண்ணெயும் வேண்டாம். கிளைபோசேட் தெளிப்பதை 2022 அக்டோபரில் மத்திய அரசு உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது.

பிடுங்கியபின் இடுக்கைத் திறந்து போட்டால் அடுத்த மழையில் வேறொன்று வரும். பேவர் கல்லானால் இடுக்கில் உள்ள கறுத்த மண்ணை 2, 3 சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி எடுத்துவிட்டு, சலித்த நைசு மணலைக் காய்ந்த நிலையில் கொட்டி, விளக்குமாறால் குறுக்கும் நெடுக்குமாகக் கூட்டி நிரப்புங்கள். முதல் மழையில் மணல் அமுங்கும், இன்னொரு தடவை நிரப்புங்கள். பேவர் இடுக்கில் சிமெண்டுப் பால் ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அது நாளடைவில் விரிசல் விட்டு, மணலை விட நல்ல விதைப்படுக்கையாக மாறும், தண்ணீரும் கீழே இறங்காது. கருங்கல் பலகை போட்ட வாசலுக்குத்தான் ஒன்றுக்கு மூன்று சிமெண்டுக் கலவை பொருந்தும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றுதான் உண்மையில் அவசரம். மைனா, குயில், வௌவால் மூன்றும் அரசம்பழமும் ஆலம்பழமும் தின்று எச்சமிடும். குழாயின் மூட்டு, சன்னல் மேல்பலகை, கைப்பிடிச் சுவரின் விளிம்பு என எச்சம் தங்குமிடத்தில் விதை முளைக்கும், அங்கே கசிவும் இருந்தால் பிழைக்கும். நாலு இலையோடு இருக்கும்போதே வேர் உள்ளே உயரத்தைப் போல் பல மடங்கு போயிருக்கும். தடித்த பின் செங்கல்லைப் பிளக்கும். கோயில் கோபுரங்களில் முளைத்தவற்றை எடுப்பதற்கு அத்தனை பாடு படுவது இதனால்தான். பென்சில் கனத்துக்குக் கீழே இருந்தால் சுவர் நன்றாக நனைந்த அன்று, அடியைப் பிடித்து நேராக, நிதானமாக இழுத்தால் வேரோடு வரும். ஒடிந்தால் மிச்சம் தெரியும்வரை பூச்சைச் சுரண்டி எடுங்கள், இரண்டு மாதத்தில் தளிர் வருகிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் கனத்தைத் தாண்டியதை இழுக்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். அதை வெட்டி, வெட்டிய சில நிமிடத்துக்குள் வெட்டுவாயில் மருந்து தடவ வேண்டும், அது உரிமம் உள்ள ஆளின் வேலை. வேர் செத்துக் காய்ந்த பிறகு துளையை அடையுங்கள். உங்கள் தெருவில் சுண்ணாம்புக் காரை வீடுகள் இன்னும் இருக்கின்றன; உங்களுடையது அப்படியானால் சுண்ணாம்புக் கலவையாலேயே அடைக்க வேண்டும், சிமெண்டு ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். குழாய்க் கசிவை அடைக்காமல் செடியை மட்டும் எடுத்தால் அடுத்த ஐப்பசி மழைக்குள் அங்கே இன்னொரு அரசு நிற்கும்.

மற்றவற்றில் உறுதி வேண்டுமானால் படம் எடுத்துப் போடுங்கள். மேலிருந்து ஒரே படம் போதாது. முழுச்செடி ஒன்று, தண்டில் இலை சேரும் கணு ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, பூவோ காயோ அருகில் ஒரு ரூபாய் நாணயத்தோடு ஒன்று, ஆக நாலு. தண்டை ஒடித்தபோது பால் வந்ததா என்பதையும் எழுதுங்கள். காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் எடுத்தால் பருப்புக்கீரைப் பூ விரிந்திருக்கும். பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் பூ உள்ள படத்துக்குக் குடும்பம் வரை பெரும்பாலும் சரியாகச் சொல்லும்; பூவில்லாத, தரையோடு படரும் செடிகளில் அவை சொல்வதை வைத்துச் சமையலறைக்குப் போகாதீர்கள்.